கேட்டது கூலி, போட்டது வேறு வழக்கு

(திருப்பதியில் மே நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நகரியிலிருந்தும் ஏகாம்பரகுப்பத்திலிருந்தும் வந்திருக்கும் தறித் தொழிலாளர்கள் பாவை அப்படியே தறியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். தறி ஓடாத நாளுக்கு அவர்களுக்குக் கூலி இல்லை. ஸ்ரீசிட்டிப் பக்கத்து இளைஞர்கள் இரவு ஷிப்ட் முடித்த கையோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். சித்தூர் மாங்கூழ் ஆலைகளில் வேலை செய்யும் சகோதரிகள், சீசன் தொடங்கிவிட்டால் தலை நிமிர நேரம் இருக்காது, அதனால் இப்போதே வந்துவிட்டோம் என்றார்கள். உங்கள் ஒவ்வொருவருடைய நேரத்துக்கும் விலை உண்டு. அதை மனதில் வைத்துத்தான் பேசுகிறேன்.

மேடை ஏறும் முன் ஒரு நண்பர் கேட்டார்: "அண்ணா, பெரம்பூர் மில் கதையை இன்னிக்கு ஏன் எடுக்கிறீங்க? அது மெட்ராஸ் சமாச்சாரம். நாம ஆந்திராக்காரங்க." நியாயமான கேள்வி. பதிலை அவருக்கு மட்டும் சொல்லாமல் எல்லோருக்கும் சொல்கிறேன்.

சித்தூர் மாவட்டம் 1911-ல் உருவானபோது அது சென்னை மாகாணத்தில் ஒரு மாவட்டம். 1953-ல் ஆந்திர மாநிலம் பிறக்கும் வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் போட்ட ஒவ்வொரு தடை உத்தரவும் இந்த ஊர்க் காவல் நிலையச் சுவரிலும் ஒட்டப்பட்டது. இங்கே விதை நெல் கடனில் நிலத்தை இழந்தவனும் அங்கே தறிக்கூடத்தில் விரலை இழந்தவனும் ஒரே அரசாங்கத்தின் கீழ்தான் இருந்தார்கள். பெரம்பூர் ஆலைகளில் தமிழ் பேசியவர்களும் தெலுங்கு பேசியவர்களும் ஒரே சங்கு ஊதியபோதுதான் உள்ளே போனார்கள், ஒரே சங்கு ஊதியபோதுதான் வெளியே வந்தார்கள். இன்னொன்றும் சொல்கிறேன். இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று வரலாறு சொல்கிற சென்னைத் தொழிலாளர் சங்கம் எந்த இடத்தில் கருக்கொண்டது தெரியுமா? பெரம்பூரில் ஸ்ரீ வெங்கடேச குணாமிருத வர்ஷணி சபை என்று ஒரு பஜனைச் சபை இருந்தது. நம் மலை மேல் நிற்கும் வேங்கடவனின் பெயரில் அமைந்த சபை அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே புராணம் கேட்க வந்த ஆலைத் தொழிலாளர்கள், புராணம் முடிந்ததும் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். அந்தச் சபையை நடத்தியவர்களில் இருவர் அந்தக் கதையைக் காது கொடுத்துக் கேட்டார்கள். ஒருவர் துணிக்கடை வைத்திருந்த செல்வபதி செட்டியார். மற்றவர் இராமானுஜுலு நாயுடு. திருப்பதியில் நின்று பெரம்பூரைப் பேச எனக்கு இதைவிட என்ன உரிமை வேண்டும்?

அந்தச் சபையில் சமயச் சொற்பொழிவு செய்ய வந்தவர்தான் திரு.வி.க. அப்போது அவர் 'தேசபக்தன்' ஆசிரியர். தொழிலாளர்கள் என்ன கேட்டார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். விடியற்காலையில் உள்ளே போனால் பொழுது சாயும்போது வெளியே வரும் வேலை. நடுப்பகலில் சோற்றுக்கு அரை மணி நேரம். ஆயிரக்கணக்கான ஆட்கள் ஒரே நேரத்தில் எந்திரத்தை விட்டு வெளியே வரவேண்டும், கை கழுவ வேண்டும், வீட்டிலிருந்து சோறு கொண்டு வந்த மனைவியையோ பிள்ளையையோ கூட்டத்தில் தேடிப் பிடிக்க வேண்டும், உட்கார இடம் பார்க்க வேண்டும், சாப்பிட வேண்டும், திரும்ப ஓட வேண்டும். கதவு மூடும்போது வெளியே நின்றால் போச்சு. முப்பது நிமிடத்தை நாற்பது நிமிடமாக்குங்கள் என்றார்கள். பத்து நிமிடம்! இந்தியத் தொழிற்சங்க இயக்கத்தின் முதல் கோரிக்கைகளில் ஒன்று, சோற்றை மென்று விழுங்கப் பத்து நிமிடம்.

செல்வபதியும் இராமானுஜுலுவும் உதவி தேடிப் போன இடம் அன்னி பெசன்ட் நடத்திய 'நியூ இந்தியா' அலுவலகம். 1915-ல் நம் மதனப்பள்ளியில் கல்லூரி தொடங்கிய அதே அன்னி பெசன்ட்தான். அங்கிருந்து வந்தவர் பி.பி. வாடியா. பம்பாய்ப் பார்சி. சங்கம் அமைவதற்கு முந்தைய ஆண்டுதான் பெசன்டோடு சேர்த்து உதகையில் அவரைக் காவலில் வைத்திருந்தது அரசாங்கம். 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் சங்கம் அமைந்தது. வாடியா தலைவர். துணைத் தலைவர்கள் இருவர்: ஒருவர் திரு.வி.க., இன்னொருவர் நம் இராயலசீமைக்காரர், கூட்டியில் வழக்கறிஞராக இருந்த திவான் பகதூர் கேசவ பிள்ளை. இதை நம் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகத்தில் எங்கேயாவது பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை.

பத்து நிமிடம் கிடைத்தது. ஆனால் அதன் பிறகு நடந்ததுதான் இன்றைய என் பேச்சின் பொருள்.

கூலி கேட்டவனைக் "கூலி கேட்டாய்" என்று சொல்லி எந்த அரசாங்கமும் சிறையில் அடைத்ததில்லை, தோழர்களே. சொன்னால் நீதிமன்றத்திலும் எடுபடாது, ஊரிலும் எடுபடாது. பசியோடு இருப்பவன் சோறு கேட்டான் என்று எந்த மாஜிஸ்திரேட் தீர்ப்பு எழுதுவார்? ஆகவே ஒவ்வொரு முறையும் வேறொரு வழக்கு தயாராகும். அந்த வழக்குகளை ஒவ்வொன்றாக உங்கள் முன் எடுத்து வைக்கிறேன். பார்த்துவிட்டு, இன்று நம் மீது வருவதை நீங்களே அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

பெரம்பூருக்கு முன்னால் தூத்துக்குடி. 1908 பிப்ரவரி 27-ல் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்கள் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும். சில நாட்களிலேயே ஆலை நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வார விடுமுறை கிடைத்தது. தொழிலாளி வென்றான். வென்ற சூடு ஆறுவதற்குள், மார்ச் 12-ல் இருவரையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் செத்தார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே தீர்ப்பு எழுதினார்: சிதம்பரனாருக்கு இரண்டு ஆயுள் தண்டனை, கூட்டினால் நாற்பது ஆண்டு, சிவாவுக்குப் பத்து ஆண்டு. குற்றப் பத்திரிகையில் கோரல் ஆலையின் கூலி உயர்வு குற்றமாக இல்லை. அங்கே இருந்தது இராஜத்துரோகம். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது, ஆனாலும் 1912 டிசம்பர் வரை சிறைதான். அதே 1908 ஜூலையில் பம்பாயில் திலகருக்கு ஆறு ஆண்டு தண்டனை என்றதும் அங்கே ஆலைத் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலையை நிறுத்தினார்கள். எங்கோ ஐரோப்பாவில் இருந்த லெனின் அதைக் கவனித்து எழுதினார். உலகம் பார்த்ததைச் சென்னை அரசாங்கமும் பார்த்தது. அரசியல் மேடையும் ஆலை வாசலும் ஒன்றாகச் சேரக் கூடாது என்ற பாடத்தை அது அன்றே படித்துக்கொண்டது.

திரும்பப் பெரம்பூருக்கு வருவோம். பக்கிங்காம் ஆலை, கர்நாடிக் ஆலை, இரண்டையும் நடத்தியது பின்னி கம்பெனி. 1920 அக்டோபரில் பக்கிங்காம் ஆலையில் தகராறு முற்றிக் கதவடைப்பு வந்தது. கம்பெனி அப்போது போலீஸை மட்டும் நம்பவில்லை, நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வாடியாவும் மற்றவர்களும் தொழிலாளர்களைத் தூண்டி வேலை ஒப்பந்தத்தை மீறச் செய்துவிட்டார்கள், அதனால் எங்களுக்கு நஷ்டம், ஈடு தரவேண்டும், இனி பேசவே கூடாது என்று தடை வேண்டும் என்றது. தடை கிடைத்தது. சங்கத் தலைவர் தன் சங்க உறுப்பினர்களிடம் பேசக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது!

இந்த வழக்கை வெறும் பண வழக்கு என்று நினைக்காதீர்கள். துப்பாக்கியால் சுட்டால் ஊர் அழும், ஊர்வலம் வரும். நஷ்டஈட்டு வழக்குக்கு யார் அழுவார்கள்? ஒரு சத்தமும் இல்லாமல் சங்கத்தின் கழுத்தை நெரிக்கிற வழி அது. கடைசியில் உடன்பாடு ஏற்பட்டது. கம்பெனி நஷ்டஈட்டை விட்டுக் கொடுத்தது. அதற்கு விலையாக வாடியா சங்கத்தை விட்டு விலகினார். 1919-ல் வாஷிங்டனில் நடந்த முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டுக்குப் போய் வந்த மனிதர், பெரம்பூர்த் தெருவில் கால் வைக்க முடியாமல் போனது. ஆனால் ஒன்று நடந்தது. இப்படியும் வழக்குப் போடலாமா என்று நாடு அதிர்ந்தது. 1921 மார்ச்சில் என்.எம். ஜோஷி மத்தியச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்து ஆண்டு இழுத்தடித்து 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இன்று உங்கள் சங்கத்துக்கு ஒரு பதிவு எண் இருக்கிறது என்றால், வேலைநிறுத்தம் செய்தாய் என்று நஷ்டஈடு கேட்டு உங்கள் வீட்டை ஜப்தி செய்ய முடியாது என்றால், அந்தப் பாதுகாப்பு பெரம்பூர்க்காரர்கள் பட்ட அடியில் முளைத்தது. எந்த ஆட்சியாளரும் மனமிரங்கிக் கொடுத்ததல்ல.

1921 வருகிறது. இதைப் பேசாமல் தாண்டிவிடுவது எனக்குச் சுலபம். மேடையில் கைதட்டல் வாங்க நினைப்பவர்கள் தாண்டித்தான் போகிறார்கள். நான் தாண்டப் போவதில்லை.

மே மாதத்தில் கர்நாடிக் ஆலையில் தொடங்கிய போராட்டம் ஜூனில் பக்கிங்காமுக்கும் பரவியது. அக்டோபர் வரை நீண்டது. ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். உடனே அவர்களுக்குக் கருங்காலி என்று பெயர் வைத்தார்கள். புளியந்தோப்பில் அவர்களின் குடிசைகள் எரிந்தன. மாதக்கணக்கில் இரு பக்கமும் அடிதடி. ஆகஸ்ட் 29-ல் பெரம்பூரில் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின.

நான் கேட்கிறேன்: அந்தக் குடிசைகளில் ஒரு மாதத்துக்கு அரிசி இருந்ததா? கூலி நின்றால் அடுத்த வாரம் பட்டினி என்ற நிலையில் இருந்தவன் எத்தனை மாதம் தாங்குவான்? ஆலைக்குள் தோளோடு தோள் நின்றவன் வெளியே வந்ததும் தள்ளி நில் என்று சொல்லப்பட்டான். தண்ணீர்ப் பானையைத் தொட விடாதவர்கள், போராட்டம் வந்ததும் "நாமெல்லாம் ஒரே வர்க்கம்" என்றால் அவன் எப்படி நம்புவான்? அவனுடைய பயத்தைச் சங்கம் நேரத்தில் புரிந்துகொள்ளவில்லை. கம்பெனி புரிந்துகொண்டது, அரசாங்கம் புரிந்துகொண்டது. அதனால் அந்தப் பயத்தை இருவரும் சாமர்த்தியமாகப் பயன்படுத்தினார்கள். ஆறு மாதப் போராட்டம் தோற்றுப் போனதற்குத் துப்பாக்கி ஒரு காரணம். குடிசைக்கு வைத்த தீ இன்னொரு காரணம். அந்தத் தீயை வைத்தவன் தொழிலாளி என்பதால் அதை நான் மன்னிக்கமாட்டேன்.

இதோடு அந்த ஆண்டு அரசாங்கக் கோப்புகளில் நடந்த மாற்றத்தைப் பாருங்கள். கூலித் தகராறு மறைந்து போனது. எல்லா இடத்திலும் புளியந்தோப்புக் கலவரம், சாதிச் சண்டை, சட்டம் ஒழுங்கு. ஆலைக் கதவுக்கு வெளியே நின்ற கேள்வி எங்கே போனது? யாரும் கேட்கவில்லை. கவர்னர் வில்லிங்டன் பிரபு திரு.வி.க.வை அழைத்து, நாடு கடத்திவிடுவோம் என்று எச்சரித்தார். வள்ளுவரையும் பெரியபுராணத்தையும் பேசிய மென்மையான மனிதரை, எறும்புக்கும் தீங்கு நினைக்காத ஒருவரை, நகரத்தின் அமைதிக்கு ஆபத்தானவர் என்று அரசாங்கம் முடிவு செய்தது. அவர் ஒதுங்கவில்லை. வாழ்நாள் முழுவதும் தொழிலாளர் பக்கமே நின்றார்.

சரி, அடுத்தவர். கடற்கரைக் குப்பத்துப் பிள்ளை, வழக்கறிஞர், சிங்காரவேலர். 1923 மே முதல் நாள் சென்னையில் இரண்டு இடங்களில் கூட்டம் போட்டார், ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில், மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். இந்தியாவில் கொண்டாடிய முதல் மே நாள் அதுதான். நாம் இன்று இந்தப் பந்தலில் கூடியிருப்பதே அந்த வழியில் வந்ததுதான். மறு ஆண்டே கான்பூர் சதி வழக்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. உடல்நிலை காரணமாக அந்த வழக்கிலிருந்து விடுபட்டார். 1928-ல் தென்னிந்திய ரயில்வே நிர்வாகம் ஆட்குறைப்புக்குக் கத்தியைத் தீட்டியது. நாகப்பட்டினம் பணிமனையைப் பொன்மலைக்கு மாற்றுவது, அந்தச் சாக்கில் ஆயிரக்கணக்கானவர்களை வெளியே அனுப்புவது என்பது திட்டம். ஜூலையில் ரயில்வேத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சில நாட்கள் தென்னகத்தில் ரயில் தடுமாறியது. போராட்டத்தில் முன்னின்ற சிங்காரவேலரையும் முகுந்தலால் சர்க்காரையும் பிடித்தார்கள். போட்டது சதி வழக்கு. தண்டனை பத்து ஆண்டு கடுங்காவல். அப்போது சிங்காரவேலருக்கு வயது 68. மேல்முறையீட்டில் குறைந்து 1930-ல் வெளியே வந்தார்.

வேலையை விட்டுத் துரத்தாதே என்று கேட்பதில் சதி என்ன இருக்கிறது? சதி என்றால் இரகசியம். ரயில்வேத் தொழிலாளர்கள் நோட்டீஸ் அச்சடித்து, மேடை போட்டு, ஊரறியக் கேட்டார்கள். ஆட்குறைப்புப் பட்டியலைத்தான் மூடிய அறையில் தயாரித்தார்கள். அடுத்த ஆண்டு 1929 மார்ச்சில் மீரட் சதி வழக்கு என்று நாடு முழுவதும் தொழிற்சங்கத் தலைவர்களை வளைத்துப் பிடித்தார்கள். விசாரணை முடிந்து தீர்ப்பு வர 1933 ஆனது. தீர்ப்பு என்னவாக இருந்தாலென்ன, அந்த நான்கு ஆண்டுகள் போனது போனதுதான். வழக்கே தண்டனை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீரட் வழக்கில் பிடிபடாமல் தப்பிய அமீர் ஹைதர் கான் பெயரை மாற்றிக்கொண்டு சென்னைக்கு வந்தார். தறிக்கூடங்களிலும் பணிமனைகளிலும் இளைஞர்களைத் தேடிப் பிடித்துப் பேசினார். நெல்லூர் மாவட்டத்து இளைஞர் ஒருவர் அப்படி இயக்கத்துக்கு வந்தார். அவர்தான் பின்னாளில் ஆந்திரம் முழுவதும் அறிந்த புச்சலப்பள்ளி சுந்தரய்யா. 1932-ல் ஹைதர் கானும் சிக்கினார்.

ரேணிகுண்டா வழியே பம்பாய்க்கு வண்டி ஓட்டிய மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் பெரம்பூர்ப் பணிமனையிலும் 1932 இறுதியில் ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. உலகம் முழுவதும் பொருளாதார மந்தம். கம்பெனியின் இலாபம் குறைந்தால் தொழிலாளியின் அடுப்பு அணைய வேண்டும் என்பதுதான் அன்றைய விதி. எழுத்துக்கும் அதே கதி. 1933 அக்டோபரில் 'குடி அரசு' ஏட்டில் இன்றைய ஆட்சிமுறை ஏன் ஒழிய வேண்டும் என்று தலையங்கம் எழுதிய பெரியாரையும், பத்திரிகையை வெளியிட்ட அவர் தங்கை கண்ணம்மாளையும் இராஜத்துரோகம் என்று சிறையில் தள்ளினார்கள். 1934 ஜூலையில் கம்யூனிஸ்ட் கட்சியே சட்டவிரோதம் ஆனது. சென்னையில் இளம் தொழிலாளர் சங்கமும் தடையானது. சங்கத்தில் உறுப்பினர் என்பதே குற்றமாகிவிட்டால் போலீசுக்கு வேலை மிச்சம். என்ன செய்தாய் என்று கேட்கவே வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் வெள்ளைக்காரன் செய்தது, நம்மவர் வந்ததும் மாறியிருக்கும் என்று நினைப்பீர்கள். 1937 ஜூலையில் சென்னை மாகாணத்தில் நம்மவர் காங்கிரஸ் அமைச்சரவையாக வந்தார்கள். இராஜாஜி பிரதமர், தொழிலாளர் அமைச்சர் வி.வி. கிரி. கிரி ரயில்வே சங்கத்தில் வளர்ந்தவர், தொழிலாளர் வலி அறிந்தவர். அரசியல் கைதிகளை விடுதலை செய்தார்கள். மக்கள் கொண்டாடினார்கள், கொண்டாடியது சரிதான். மூன்றே மாதத்தில், அக்டோபரில், பம்பாயிலிருந்து வந்த சோஷலிஸ்ட் பாட்லிவாலாவைப் பேசிய பேச்சுக்காக அதே இராஜத்துரோகப் பிரிவில் கைது செய்தது அந்த அமைச்சரவை. நேருவே கொதித்துப் போனார். எந்தப் பிரிவை ஒழிக்க வேண்டும் என்று காங்கிரஸ்காரர்கள் சிறை சென்றார்களோ அதே பிரிவு! 1938-ல் இந்தி எதிர்ப்பு மறியலில் நின்றவர்கள் மீது, 1932-ல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றச் சட்டத் திருத்தத்தைப் பாய்ச்சினார்கள். அவர்களில் நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் சிறைப்பட்ட நிலையில் செத்தார்கள். இராஜாஜியின் நேர்மையையோ தியாகத்தையோ நான் குறை சொல்லவில்லை. நல்லவர் கையில் இருந்தாலும் அந்தச் சட்டம் அப்படித்தான் வேலை செய்யும் என்கிறேன். ஆகவே நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். மேசை டிராயரில் எந்தச் சட்டம் இருக்கிறது என்று பாருங்கள்.

இப்போது டிராயரைத் திறப்போம்.

இராஜத்துரோகத்துக்கான 124ஏ பிரிவை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை முதல் புதிய நியாய சம்ஹிதை வந்தது, அதில் 152 என்ற எண்ணில் அதன் தம்பி உட்கார்ந்திருக்கிறான். 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்களே, அவர்கள் கேட்டதில் முதன்மையானது என்ன? எங்கள் சங்கத்தைப் பதிவு செய், அங்கீகாரம் கொடு. அதற்கு வந்த மறுப்பு என்ன? சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் இருக்கிறது, அது வணிக முத்திரை. 1920-ல் ஒப்பந்த மீறல் என்றார்கள், 2024-ல் வணிக முத்திரை என்றார்கள். போராட்டப் பந்தலைப் பிரித்தார்கள், இரவில் வீடு தேடிப் போய்த் தொழிலாளர்களைப் பிடித்தார்கள். கடைசியில் உயர் நீதிமன்றம் வரை போய் 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. 1926-ல் சட்டமான ஓர் உரிமைக்கு ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து ஒரு மாதம் தெருவில் உட்கார வேண்டியிருந்தது. அந்த ஆலைக்கும் நம் ஸ்ரீசிட்டிக்கும் பஸ்ஸில் போனால் சில மணி நேரம்தான். இங்கே வந்திருக்கும் இளைஞர்களே, அது உங்கள் கதை.

2025 நவம்பரில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் தொழில் உறவுத் தொகுப்பு சொல்வதைக் கேளுங்கள். எந்தத் தொழிலானாலும் நோட்டீஸ் கொடுக்காமல் வேலைநிறுத்தம் இல்லை. கொடுத்த பிறகும் 14 நாள் காத்திருக்க வேண்டும். சமரசப் பேச்சு நடக்கும்போது கூடாது. பாதிப் பேர் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம். மாங்கூழ் ஆலையில் சீசன் எத்தனை வாரம், அக்கா? நோட்டீஸ் கொடுத்து, 14 நாள் காத்து, சமரசம் முடியும் வரை பொறுத்து, பிறகு கேட்கலாம் என்றால் பழமும் போயிருக்கும், நீங்களும் வீட்டில் இருப்பீர்கள். அந்தச் சட்டத்தை மீறினால் வரும் வழக்கில், நீங்கள் கூலி கேட்டீர்கள் என்று எங்கும் எழுதியிருக்காது. சட்டவிரோத வேலைநிறுத்தம் என்று எழுதியிருக்கும்.

நம் மாநில அரசு 2025-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரமாக இருந்ததைப் பத்தாக்கியிருக்கிறது. வார வரம்பு 48 மணி அப்படியே இருக்கிறதே என்று அமைச்சர்கள் சொல்கிறார்கள். இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதோடு மூன்று மாதத்துக்கு 75 மணியாக இருந்த ஓவர்டைம் வரம்பையும் 144 ஆக்கியிருக்கிறார்கள், அதையும் சேர்த்துச் சொல்லட்டும். 1922 சட்டத்தில் வேலை நேரம் நாளுக்குப் பதினொரு மணி. 1934 சட்டத்தில் பத்து. சுதந்திர இந்தியாவின் 1948 சட்டத்தில் ஒன்பது. பதினொன்றைப் பத்தாக்கவும் பத்தை ஒன்பதாக்கவும் எத்தனை பெரம்பூர், எத்தனை பொன்மலை தேவைப்பட்டன! பெரம்பூரில் பத்து நிமிடம் கேட்டு ஆரம்பித்தார்கள். நம்மிடமிருந்து ஒரே கையெழுத்தில் அறுபது நிமிடத்தை எடுத்துக்கொண்டுவிட்டார்கள், அதிக சத்தம் இல்லாமல்.

தொழில் வளர வேண்டாமா, முதலீடு வேண்டாமா, பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். இந்தப் பந்தலில் எல்லோரையும்விட அதிகமாக வேண்டும். திருப்பதியைச் சுற்றி வரும் ஒவ்வொரு ஆலையையும் வரவேற்கிறேன். ஆனால் ஆலை வருவதற்கு விலையாகச் சங்கம் வைக்கும் உரிமையைக் கேட்டால், தர முடியாது. பெரம்பூர் ஆலைகள் சங்கம் வந்ததால் மூடவில்லை. சங்கம் அமைந்த பிறகு எத்தனையோ பத்தாண்டுகள் அந்த ஆலைகள் ஓடின.

இனி நம் வேலை. 1921-ல் பெரம்பூரில் எங்கே உடைந்தது என்று சொன்னேன். அதே இடத்தில்தான் நாமும் உடைவோம், இப்போதே கட்டாவிட்டால். நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் இன்று ஒரே கேன்டீனில் வெவ்வேறு வரிசையில் நிற்கிறார்கள். வடமாநிலத்திலிருந்து வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் இளைஞனின் பெயர்கூட நம்மில் பலருக்குத் தெரியாது. நாளைக்கு ஒரு போராட்டம் வந்தால் அவனைக் கருங்காலி என்று திட்டும் முன்னால், இன்றைக்கே அவன் கொட்டகைக்குப் போங்கள். அவன் ஊர்ப் பெயரைக் கேளுங்கள். அவன் கூலிச் சீட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். சங்கத்தில் அவனைச் சேர்க்கும் வரை நம் சங்கம் அரைச் சங்கம். எந்தத் தெருவில் எந்தச் சாதி குடியிருக்கிறது என்று பார்த்து உறுப்பினர் சீட்டு எழுதும் பழக்கம் யாரிடமாவது இருந்தால், அவர் இந்த மேடையிலேயே இருந்தாலும், இன்றோடு அதை நிறுத்த வேண்டும்.

இரண்டாவது, அரிசி. போராட்ட நிதி என்று போஸ்டர் ஒட்டினால் போதாது. சீசன் நடக்கும்போதே, கூலி வரும்போதே, குடும்பத்துக்கு இவ்வளவு என்று அரிசியாகச் சேர்த்து வைப்போம். 1921-ல் புளியந்தோப்பில் அது இருந்திருந்தால் கதை வேறு.

மூன்றாவது, வழக்கறிஞர்கள். சித்தூரிலும் திருப்பதியிலும் நீதிமன்றத்துக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர் இங்கே இருக்கிறார்கள். சிங்காரவேலரும் வழக்கறிஞர்தான், கேசவ பிள்ளையும் வழக்கறிஞர்தான். யாரையாவது இரவில் பிடித்துக்கொண்டு போனால் விடியும் முன் காவல் நிலைய வாசலில் நிற்க ஒவ்வொரு ஊருக்கும் இருவர் பெயர் வேண்டும். பெயர்களைக் கூட்டம் முடிவதற்குள் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள்.

பின்வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் காவல்துறை நண்பருக்கும் ஒரு வார்த்தை. வாடியா காலத்திலும் கூட்டத்தில் உட்கார்ந்து இப்படி ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை, நீங்களும் ஷிப்ட் முடிந்தால்தான் வீட்டுக்குப் போவீர்கள். நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்: நாங்கள் எட்டு மணி நேர வேலை கேட்டோம், சட்டப்படி கூலி கேட்டோம், சங்கம் வைக்கும் உரிமை கேட்டோம். இந்த மூன்றையும் விட்டுவிட்டு வேறு எதையும் எழுத வேண்டாம்.

பத்து மணி நேரத் திருத்தத்தைத் திரும்பப் பெறக் கோரும் மனு இப்போது உங்களிடம் வருகிறது. தமிழிலும் தெலுங்கிலும் அச்சிட்டிருக்கிறோம். படித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள். கையொப்பம் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வையுங்கள், பக்கத்தில் இருப்பவர் பெயரையும் ஆலையையும் எழுதட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நகரியிலும், அதற்கடுத்த ஞாயிறு சத்தியவேட்டிலும் தாள்களோடு வருவோம்.